எங்கள் கையால் ஓர் இயந்திரம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டது.)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் அவர் நீரிழிவைப் பற்றியோ கொலஸ்ரோலைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. எங்கள் செயலாளர் தொலைபேசியில் சொன்னது வேறு. "சீனி வருத்தத்தைப் பற்றி ஒவ்வொரு முறையும் ஆரோ ஒராள் வந்து எங்களைப் பயப்படுத்துகினம். நீர் வீட்டிலை ஏதோ ரோபோ செய்யிறீராம், அதைப் பற்றிக் கதையும்" என்றார். ஆகவே இன்றைக்கு உங்கள் கொலஸ்ரோல் தப்பிக்கொண்டது.

நான் சிறுபிள்ளை வைத்தியர், பொறியியலாளர் அல்ல. மகளுக்கு எட்டு வயதாயிருந்தபோது அவளுடைய ஓடாத விளையாட்டுக் காரை இருவருமாகக் கழற்றிப் பார்த்ததில் பிடித்த பழக்கம் இது. இப்போது அவள் உயர்தரம் படிக்கிறாள். எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி இன்னமும் எங்கள் இருவருக்குந்தான். மற்றப் பாதியில் குடும்பம் சாப்பிடுகிறது. இவ்வளவுதான் என் தகைமை.

இன்று இதைப் பேசச் சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நூற்றாண்டு நிதியிலிருந்து கல்லூரிக்கு ஒரு ரோபோ ஆய்வுகூடம் அமைத்துக் கொடுக்கும் யோசனை சங்கத்தின் முன் இருக்கிறது. அந்தப் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. ஆனால் இந்த வேலையை ஒரு பிள்ளை எப்படித் தொடங்குகிறாள் என்பது விளங்கினால்தான் அந்த அபிப்பிராயமும் விளங்கும். அதனால் தொடக்கத்திலிருந்தே வருகிறேன்.

ரோபோ என்றதும் கண் மினுங்குகிற, கையைத் தூக்கி வணக்கம் சொல்கிற ஓர் உருவம் எங்கள் மனத்தில் வருகிறது. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகமொன்றிலிருந்து வந்த சொல் அது. செக் மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. வீட்டில் செய்கிற எங்களுக்கு உருவம் முக்கியமில்லை. சுற்றாடலில் ஏதாவது ஒன்றை உணர்ந்து, அதற்கேற்ப ஏதாவது ஒன்றை அசைக்கிற பொருள் எதுவும் ரோபோதான். வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளிக்கிற ஒரு சவர்க்காரப் பெட்டியும் ரோபோதான்.

"இதெல்லாம் பொடியங்களின்ர வேலை" என்று யாராவது சொன்னால் நான் தையல் மெசினைக் காட்டுவேன். எங்கள் அம்மம்மாமார் மிதித்த அந்த மெசினைவிட நுட்பமான இயந்திரம் அந்தக் காலத்து வீட்டில் வேறென்ன இருந்தது? நூல் அறுந்தால் மேல்நூல் இறுக்கமா, பொபினிலே சிக்கலா என்று கண்டுபிடிப்பது. தோல்வார் தளர்ந்தால் வெட்டிச் சேர்ப்பது. எண்ணெய் விட வேண்டிய துளைகள் எவை எவை என்று தெரிந்திருப்பது. இவை எல்லாம் இயந்திர வேலை. அம்மம்மாவை மெக்கானிக் என்று எவரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் முதற் பாதியை எடுங்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ரோச் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். இங்கே என் வயதையொத்த பலருக்கு அந்தக் கையுளைவு நினைவிருக்கும். சைக்கிள் டைனமோ தருவது ஆறு வோல்ற்று ஆடலோட்ட மின். றேடியோவுக்கு வேண்டியதோ நேரோட்டம். இடையில் நாலு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஊர் அதைச் செய்து கொடுக்க யாராவது இருந்தார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்கெரித்துப் படித்தோம். கையால் இயந்திரம் செய்வதென்பது எங்களுக்கு வெளியிலிருந்து வந்த புதுமோகம் அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல வீடுகளில் பெடலைச் சுற்றியது பெண்பிள்ளை; கம்பியைத் தொட்டது அண்ணனோ தம்பியோ. "பிள்ளை, நீ சுத்து, வயரிலை கையை வையாதை, பழுதாப் போயிடும்." இந்த ஒரு வசனத்தைக் கேட்டு வளராதவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? உழைப்பு எங்களிடமிருந்து, அறிவு அவர்களிடமிருந்து என்று யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

எங்களுடைய பௌதிகவியல் ரீச்சர் ஒருநாள் ஒரு சைக்கிள் டைனமோவை வகுப்புக்குக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, வாங்கு வாங்காகக் கையில் தந்தார். புத்தகத்துப் படத்தில் கம்பிச்சுருள்தான் காந்தத்தின் நடுவே சுழலும். டைனமோவுக்குள் பார்த்தால் காந்தம் சுழல்கிறது, சுருள் அசையாமல் இருக்கிறது. "ரீச்சர், புத்தகம் பிழையோ?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆர் சுத்தினால் என்ன, ஒண்டை ஒண்டு வெட்டிப் போனால் சரி" என்றார் அவர். மின்காந்தத் தூண்டல் எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. அதற்கு முன் பாடமாகத்தான் இருந்தது. 95 இடப்பெயர்வின்போது எங்கள் வீட்டுச் சைக்கிள் பொதி சுமந்துகொண்டு வந்தது, றேடியோ பின்னால் நின்றுவிட்டது.

சரி, தொடங்குவது எப்படி?

முதல் இயந்திரத்துக்கு உடுப்புத் தோய்க்கிற பிரஷ் ஒன்று போதும். பழுதான விளையாட்டுச் சாமானிலிருந்து ஒரு சிறிய மோட்டரைக் கழற்றி எடுங்கள். அதன் அச்சிலே ஒரு அழிறப்பர் துண்டைக் குத்துங்கள். நடுவில் அல்ல, ஓரமாக. மோட்டரைப் பிரஷின் முதுகில், அழிறப்பர் விளிம்புக்கு வெளியே சுற்றும்படி இறப்பர் வளையத்தால் கட்டி, இரண்டு சாதாரண பற்றறிகளை அவற்றின் கூட்டோடு பக்கத்தில் வைத்துக் கட்டி, வயரைத் தொடுத்துவிடுங்கள். மயிர்ப்பக்கம் கீழே இருக்க மேசையில் விட்டால் பிரஷ் நடுங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கும். பாரம் ஒருபக்கமாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பிரஷ் ஒரு கணம் இலேசாகிறது, மறுகணம் அழுத்தப்படுகிறது. மயிர் சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராக அது தள்ளப்படுகிறது. கைத்தொலைபேசி சத்தமில்லாமல் அதிர்வதும் பல போன்களில் இதே உபாயத்தால்தான். அதற்குள்ளும் பாதி வெட்டிய பாரத்தோடு ஒரு குட்டி மோட்டர் இருக்கிறது.

பிரஷ் நேரே போகாது. வட்டமடிக்கும், சுவரில் முட்டும், கவிழும். அப்போதுதான் பிள்ளை மோட்டரைக் கொஞ்சம் நகர்த்துவாள், அழிறப்பரை வெட்டிச் சிறிதாக்குவாள். அந்த நகர்த்தலுக்குள்தான் பாடம் முழுவதும் இருக்கிறது. ஆகவே பெரியவர்கள் உதவிக்குப் போகாதீர்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருங்கள்.

இரண்டாவது இயந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு ஒரு கதையும் உண்டு. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் கிரே வோல்ட்டர் என்ற நரம்பு உடற்றொழிலியலாளர் இருந்தார். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, கட்டி இருக்கும் இடத்தை வெளியிலிருந்தே கண்டறிவதில் முன்னோடியாக வேலை செய்தவர். மூளையில் கோடிக்கணக்கான நரம்புக்கலங்கள் இருக்கின்றன. மிகக் குறைவாக, இரண்டே இரண்டு கலங்கள் இருந்தால் ஒரு பிராணி எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்கு ஒரு கேள்வி. 1948, 49ஆம் ஆண்டுகளில் இரண்டு ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். இரண்டு வால்வுகள், இரண்டு மோட்டர்கள், வெளிச்சத்தை உணர ஒன்று, முட்டினால் உணர ஒன்று. பற்சக்கரங்களைப் பழைய மணிக்கூடுகளிலிருந்தும் எரிவாயு மீற்றர்களிலிருந்தும் எடுத்தார். அந்த ஆமைகள் வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்தன. தடையில் முட்டினால் விலகிச் சுற்றிப் போயின. பற்றறி இறங்கினால் விளக்கெரியும் தங்கள் கூட்டுக்குத் திரும்பின. 1951இல் லண்டனில் நடந்த பிரித்தானிய விழாவில் அவற்றின் வழிவந்த ஆமைகளை மக்கள் வந்து பார்த்தார்கள்.

பின்னர் 1984இல் வலன்ரீனோ பிறைட்டன்பேர்க் என்ற நரம்பு உடலமைப்பியலாளர் இந்த எண்ணத்தை இன்னும் எளிமையாக்கி, கற்பனை வண்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த வண்டிகளில் ஒன்றைத்தான் நானும் மகளும் சவர்க்காரப் பெட்டியில் செய்தோம். பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு மோட்டர், ஒவ்வொரு சில்லு. முன்னால் சில்லுக்குப் பதிலாகப் பாதியாக வெட்டிய மேசைப்பந்து. நெற்றியில் இடமும் வலமுமாக இரண்டு ஒளியுணர் தடையிகள். வெளிச்சம் பட்டால் இவற்றின் தடை குறையும். அந்தச் சிறிய மாற்றம் ஒரு திரான்சிற்றரைத் திறக்கும். திரான்சிற்றர் மோட்டருக்கு வேண்டிய பெரிய மின்னோட்டத்தை விடும். மோட்டர் நிற்கும்போது சுருளிலிருந்து எதிர்த்து வரும் மின்னால் திரான்சிற்றர் கெடாமல் இருக்க ஓர் இருவாயி. சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் வருகிற பொருட்கள்தான் எல்லாம்.

இப்போது இடது கண்ணை இடது மோட்டரோடு தொடுங்கள். இடப்பக்கத்தில் வெளிச்சம் கூடினால் இடது சில்லு வேகமாகச் சுழலும். வண்டி வலப்பக்கம் திரும்பி வெளிச்சத்தை விட்டு ஓடும். பார்க்கிறவர் "பயப்படுது" என்பார். பிறகு வயர்களைக் குறுக்கே மாற்றுங்கள்: இடது கண் வலது மோட்டருக்கு, வலது கண் இடது மோட்டருக்கு. அதே வண்டி வெளிச்சத்தை நோக்கிப் பாயும். "கோபம் வந்திட்டுது" என்பார். உள்ளே பயமும் இல்லை, கோபமும் இல்லை; இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது. எங்கள் உடம்பிலும் மூளையின் வலப்பாதி இடக்கையை இயக்குகிறது, நரம்பிழைகள் குறுக்கே கடந்துதான் கீழே இறங்குகின்றன. மருத்துவ பீடத்தில் அந்தக் குறுக்கலை வரைபடமாகப் படித்திருந்தேன். ஒரு சவர்க்காரப் பெட்டி ரோச் லைற்றைத் துரத்திக்கொண்டு என் காலில் வந்து முட்டியபோது, ஒரு வயர் குறுக்கே போவதால் எவ்வளவு மாறும் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே இருந்தேன்.

எந்த இயந்திரமும் முதல் முறை ஓடாது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில்தான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. ஒரு நோயாளி வந்தால் நாங்கள் உடனே ஸ்கானுக்கு அனுப்புவதில்லை. கேட்கிறோம், பார்க்கிறோம், தொடுகிறோம், பிறகுதான் பரிசோதனை. அதிலும் சாதாரணமாக வருகிற வருத்தத்தை முதலில் நினைக்கிறோம். ஓடாத வண்டிக்கும் இதே ஒழுங்குதான். பற்றறியில் மின் இருக்கிறதா? இருக்கிறதென்றால் அது மோட்டர்வரை வந்து சேருகிறதா? வரவில்லையென்றால் எந்த இடத்தில் நிற்கிறது? இதைச் சொல்லித்தரும் கருவி பல்மானி, கடையில் மல்ரிமீற்றர் என்று கேளுங்கள். எனக்கு ஸ்டெதஸ்கோப் எப்படியோ, இந்த வேலைக்கு அது அப்படி. விலை குறைந்ததே போதும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை தளர்ந்த வயர், சரியாகப் பிடிக்காத ஈயம், இறங்கிப்போன பற்றறி. "மூளை" பழுதானது மிக அரிது.

இதனால் வேறொரு பயனும் உண்டு. நான் முன்பு வேலைசெய்த ஒரு வைத்தியசாலையில், ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு மருந்தைப் புகாராகக் கொடுக்கிற நெபுலைசர் ஒன்று 'பழுது' என்று ஒட்டிய கடதாசியோடு மாதக்கணக்கில் மூலையில் இருந்தது. புதிதாக வந்த தாதி ஒருவர் அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டு இப்படி எழுதினார்: "ஆளி போட்டால் மோட்டர் சத்தம் கேட்கிறது. குழாயால் காற்று மிகக் குறைவாக வருகிறது. வடிகட்டி கறுத்துப்போய் இருக்கிறது." அடுத்த முறை வந்த தொழில்நுட்பவியலாளர் வடிகட்டியை மாற்றிவிட்டுப் போனார். மருத்துவ உபகரணங்களை நாங்கள் திறக்கக் கூடாது, அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'பழுது' என்று எழுதுவதற்கும் அந்தத் தாதி எழுதியதற்கும் இடையில் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். அந்த மூன்று வசனங்களை எழுதக்கூடிய பெண்பிள்ளைகள் எங்கள் கல்லூரியிலிருந்து வெளியே போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. எல்லோரும் பொறியியலாளராக வேண்டியதில்லை.

கணினிப் பக்கம் இதற்குப் பிறகுதான். 2005இல் இத்தாலியின் இவ்றியா நகரில், வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் இலகுவாகப் பயன்படுத்துவதற்கென்று ஆர்டுயினோ என்ற சிறிய மின்சுற்றுப் பலகையை உருவாக்கினார்கள். அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதால் பலரும் அதைப் போலவே செய்து மலிவாக விற்கிறார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கிறது. கணினியில் நாலு வரி எழுதி ஏற்றினால் விளக்கை மினுக்கும், மோட்டரை ஓட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதன் ஒரு கால் தரக்கூடியது ஏறத்தாழ 20 மில்லியம்பியர்தான், சிறிய மோட்டரே நூறு, இருநூறு கேட்கும். நேரே தொடுக்காமல் இடையில் திரான்சிற்றரோ மோட்டர் செலுத்தியோ வையுங்கள். பிரஷையும் சவர்க்காரப் பெட்டியையும் கடந்து வந்த பிள்ளைக்கு இது தானாக விளங்கும். நேரே இந்தப் பலகையில் தொடங்கிய பிள்ளை எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டே ஒரு தவணையைக் கழிப்பாள்.

ஆர்டுயினோவோடு சேர்த்து வாங்கும் உணரிகளில் எனக்குப் பிடித்தது இரண்டு கண் வைத்ததுபோல இருக்கும் கழியொலி உணரி. ஒரு கண் செக்கனுக்கு 40,000 அதிர்வுள்ள ஒலியை விடும். மற்றது எதிரொலியைக் கேட்கும். போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் பிரித்தால் தூரம். ஆறு மில்லிசெக்கனில் எதிரொலி வந்தால் சுவர் ஏறத்தாழ ஒரு மீற்றரில் இருக்கிறது. கர்ப்பிணித் தாயின் வயிற்றில் ஸ்கான் செய்வதும் இதே கணக்குத்தான். அங்கே அதிர்வு செக்கனுக்குப் பல இலட்சங்கள், ஊடகம் காற்றுக்குப் பதிலாக உடம்பு. எங்களிடம் வருகிற பெற்றோர் அந்தச் சாம்பல்நிறப் படத்தை ஏதோ புகைப்படம் என்று நினைக்கிறார்கள். சவர்க்காரப் பெட்டிக்கு அந்தக் கண்ணை வைத்த பிள்ளை அப்படி நினைக்கமாட்டாள்.

தையல் தெரிந்தவர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. லியா பியூக்லி என்ற அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளர் துணியிலே தைக்கக்கூடிய ஆர்டுயினோவை உருவாக்கினார். 2007இல் விற்பனைக்கு வந்தது. மின்கடத்தும் நூலால் நூலோட்டம் போட்டால் அதுவே வயர். மனையியல் அறையையும் விஞ்ஞான ஆய்வுகூடத்தையும் பிரிக்கிற சுவரில் ஓட்டை போட இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இனி வைத்தியராகச் சில வார்த்தை. இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

பொத்தான் பற்றறி. வட்டமாக, நாணயம்போல மினுங்குகிற பற்றறி. ரோபோ செய்கிற வீடுகளில் அது மேசையிலும் தரையிலும் கிடக்கும். தவழுகிற பிள்ளை அதை வாயில் போடும். உணவுக்குழாயில் சிக்கினால் அங்குள்ள ஈரத்தோடு சேர்ந்து காரத்தை உண்டாக்கித் தசையை எரிக்கும். 20 மில்லிமீற்றர் அளவுள்ள லித்தியம் பற்றறி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை ஏற்படுத்தலாம். சாமான் வேலை செய்யாத அளவுக்கு இறங்கிய பற்றறியிலும் அதற்குப் போதிய மின் மிஞ்சியிருக்கும். பிள்ளை எச்சில் வடிக்கலாம், சாப்பாட்டை மறுக்கலாம், இருமலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தியெடுக்க வைக்காமல், 'நாளைக்கு வெளியே வரும்' என்று காத்திராமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். இதனால்தான் என் பிரஷ் இயந்திரத்தில் பொத்தான் பற்றறி இல்லை.

சுவர் மின்சாரத்தில், அதாவது எங்கள் 230 வோல்ற்றில், பிள்ளைகள் எதையும் தொடுக்கக் கூடாது. பற்றறியோடு நின்றுகொள்ளுங்கள். பழைய சாமானைக் கழற்றுவது நல்லது. பிறின்ரர், கசற் றெக்கோடர், டிவிடி பெட்டி எல்லாம் மோட்டரும் பற்சக்கரமும் நிறைந்த புதையல்கள். செருகியைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே மின் இணைப்புப் பெட்டி இருந்தால் அதை மட்டும் திறக்காமல் விடுங்கள். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு, பழைய குழாய்த் தொலைக்காட்சி, கமராவின் பிளாஷ் ஆகிய மூன்றையும் தொடவே வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். ஈயம் ஒட்டும்போது ஜன்னலைத் திறவுங்கள், முட்டு வருத்தமுள்ள பிள்ளையைத் தள்ளி இருத்துங்கள், கையைக் கழுவாமல் மிக்சர் சாப்பிடாதீர்கள். வயர் வெட்டும்போது துண்டு கண்ணுக்குப் பறக்கும், கண்ணாடி போடுங்கள். இரட்டைப் பின்னலும் கழுத்துப்பட்டியும் சுழலுகிற மோட்டருக்கு மிகவும் பிடித்தமானவை. பின்னலை மேலே தூக்கிக் கட்டுங்கள்.

இனிப் பணத்துக்கு வருகிறேன்.

ரோபோ ஆய்வுகூடம் என்றதும் வெளிநாட்டுக் கொம்பனியொன்றின் பெட்டி பெட்டியான தொகுதிகளும், பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்கிற ஓர் உருவமும் வாங்கும் எண்ணம்தான் முதலில் வரும். தயவுசெய்து வேண்டாம். விலையுயர்ந்த பொருள் எந்தப் பாடசாலையிலும் முடிவில் கண்ணாடி அலுமாரிக்குள்தான் போகிறது. அதற்குப் பொறுப்பாசிரியரைக் குற்றஞ்சொல்ல மாட்டேன். பொருட்பதிவேட்டில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர். அப்படியிருக்க அவர் பிள்ளையிடம் என்ன சொல்வார்? "கையை வையாதை, பழுதாப் போயிடும்" என்றுதான் சொல்வார். நாங்கள் காசு கொடுத்து அந்த வசனத்தை அடுத்த நூற்றாண்டுக்கும் வாங்கிக் கொடுத்தவர்களாவோம்.

என் யோசனை இது. நிதியின் ஒரு பங்கில் மேசைகள், நல்ல வெளிச்சம், சில குறடுகள், ஸ்குறூட்ரைவர்கள், சோல்டரிங் அயன்கள், பல்மானிகள். மீதியை வருடாவருடம் தீர்ந்துபோகிற பொருட்களுக்கென்று ஒதுக்குங்கள்: மோட்டர், திரான்சிற்றர், வயர், பற்றறி. சிறிய மஞ்சள்நிறக் கியர் மோட்டர்கள் விலை குறைந்தவை. அந்த ஒதுக்கீட்டுக்கு 'உடைவுக் கணக்கு' என்றே பெயர் வைத்து, எழுத்தில் கொடுங்கள். வருட முடிவில் அந்தக் கணக்கில் பணம் மிஞ்சியிருந்தால் சங்கம் கவலைப்பட வேண்டும். பிள்ளைகள் போதியளவு எரிக்கவில்லை என்று பொருள். அறைக்குப் பொறுப்பாக இருக்கிற ஆசிரியரின் பெயரில் ஒரு மோட்டர்கூடப் பதிவாகக் கூடாது.

பெற்றோர் கேட்பார்கள், இதனால் புள்ளி கூடுமா என்று. கூடும் என்று நான் சொல்லமாட்டேன். சனிக்கிழமை ரியூசனோடு இது போட்டியிடவும் முடியாது. ஆனால் திரான்சிற்றரின் சிறப்பியல்பு வளையியைப் பிழையில்லாமல் வரைந்து புள்ளி வாங்கி, பல்கலைக்கழகமும் போய், வாழ்நாளில் ஒரு திரான்சிற்றரைக் கையில் தொடாமலே இருந்தவர்கள் என் வகுப்பிலேயே பலர். அவர்களில் சிலர் இன்று இங்கே முன்வரிசையில் இருந்துகொண்டு சிரிக்கிறார்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கும் தோழிகளுக்கு: பெட்டிகள் அனுப்ப வேண்டாம்; சுங்கக் கட்டணத்துக்கு அந்தக் காசு போகும். உடைவுக் கணக்குக்கு அனுப்புங்கள். உங்களில் பொறியியல், கணினித் துறைகளில் இருப்பவர்கள் மாதத்தில் ஒருமுறை ஒரு மணித்தியாலம் வீடியோவில் வந்து, இங்குள்ள பிள்ளைகளின் ஓடாத வண்டிகளைப் பாருங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள், "பற்றறியிலிருந்து தொடங்கு" என்று மட்டும் சொல்லுங்கள்.

வாசலருகே இருக்கிற மேசையில் ஆறு தோய்க்கிற பிரஷும், ஆறு மோட்டரும், ஒரு பெட்டி அழிறப்பரும் வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாடு பரிமாற இன்னும் அரைமணி இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய அக்காமாருக்கு முதலிடம். மாணவிகள் அவர்களுக்குப் பிடித்துக் கொடுக்கலாம், கட்டிக் கொடுக்கக் கூடாது. போகும்போது பற்றறியைக் கழற்றி அந்தத் தகரப் பேணிக்குள் போட்டுவிட்டுப் போங்கள்.